அவள்தான் வேண்டாம் என்றாளாம்

அத்தியாயம் 11

"பாய் எதையாவது எடுத்துக் காட்டுவாரு. நீ அதப் பார்த்துட்டு மனசக் கொழப்பிக்காதே" என்றார் ராதாகிருஷ்ணன், கோப்பியை ஆற்றியபடி.

சந்திரகலா கைப்பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். "பழைய போட்டோ ஏதாச்சும் வச்சிருப்பாரு. அதுல கொழம்ப என்ன இருக்கு?"

"இல்ல, நாளைக்கு விழாவ வச்சுக்கிட்டு இன்னிக்குப் போய் அலையணுமா? மஸ்ஜித் இந்தியாவுல சனிக்கிழமை பார்க்கிங்கே கெடைக்காது."

"மாதவிதானே ஓட்டுறா. நீங்க கோப்பியக் குடிங்க."

அவர் குடிக்கவில்லை. கார் கிளம்பும்வரை கேட் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

போன வாரம் நம்மோடு வராதவர்களுக்காக இரண்டு வரி. ராதாகிருஷ்ணன் இளவயதில் கிள்ளானில் 'ஏழிசை பாய்ஸ்' என்று ஓர் இசைக்குழு வைத்திருந்தார். லோரி ஓட்டியவர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள், ரயில்வே ஆட்கள் எல்லாம் ஓய்வு நேரத்தில் கூடி, கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் வாசித்த குழு. தொண்ணூறுகளின் நடுவில் சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, ஒரே ஒரு கேசட் கொண்டு வந்தார்கள். அதில் 'ஆற்றங்கரை விளக்கெல்லாம்' என்ற பாட்டு மட்டும் நின்றுவிட்டது. இன்றும் கிள்ளான் பக்கத்துக் கல்யாண வீடுகளில் யாராவது அதைப் போடுகிறார்கள். பாடியவர் ராதாகிருஷ்ணனின் தங்கை மலர்.

அந்தக் குழுவுக்கு நாளை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் பாராட்டு விழா. மேடையில் காட்டுவதற்குப் படத்தொகுப்பு செய்கிற வேலை மகள் மாதவிக்கு. அன்று ஒலிப்பதிவு செய்த ஹாசிம் பாய்க்கு அவள் ஃபோன் போட்டுப் பழைய படம் கேட்டாள். "படம் இல்லம்மா. வேற ஒன்னு இருக்கு. அம்மாவையும் கூட்டிட்டு வா" என்று அவர் சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஜேம். ஷா ஆலாம் தாண்டுவதற்குள் மாதவி நாலு தடவை பிரேக் போட்டுவிட்டாள்.

"மா, நீங்களும் அந்தக் குழுவுல பாடினீங்கதானே?"

"பாய்ஸ்னு பேரு வச்ச குழுவுல நான் ஒருத்திதான் பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடியே பாடிக்கிட்டிருந்தேன். அங்கதான் உங்கப்பாவப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் கேசட்ல உங்க குரலே இல்ல?"

"பாடினேன். ஆறு பாட்டும் நான்தான் பாடினேன். டேப்பு ஈரம் பட்டுக் கெட்டுப்போச்சு. அப்போ நீ பொறந்திருந்தே. நான் ஆஸ்பத்திரியில. கேசட் வெளியீட்டுக்கு நாள் வேற குறிச்சாச்சு. அதனால மலர் அத்தையப் பாட வச்சு முடிச்சுட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தமே இல்லை. பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை அது. அதற்கடியில் இருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டேப் கெட்டதென்றால் திரும்பப் பாட வைத்திருக்கலாமே, உடம்பு தேறும்வரை ஒரு மாதம் பொறுத்திருக்கலாமே என்று அப்போதே தோன்றியது. அடுத்து வந்த கச்சேரிகளுக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்: என் குரல் நன்றாக இல்லை. அதைச் சொல்ல மனமில்லாமல்தான் இவர் டேப்பின்மேல் பழியைப் போடுகிறார்.

அதற்காக அவருக்கு உள்ளுக்குள் நன்றிகூடச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு பாலர் பள்ளியில் வேலை கிடைத்தது. போன வருடம் ஓய்வு பெறும்வரை, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கைதட்டிப் பாடிய பாட்டுதான் அவள் பாட்டு. விசேஷங்களில் யாராவது "பாடுங்கக்கா" என்றால் தொண்டை சரியில்லை என்பாள்.

ஹாசிம் பாய் இப்போது மஸ்ஜித் இந்தியாவில் மருமகனோடு துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. சந்திரகலாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏதோ ஒரு தள்ளி நிற்றல் இருந்தது.

"வாம்மா தங்கச்சி. வருவியோ மாட்டியோன்னு நெனச்சேன்."

"ஏன் பாய், வராம என்ன?"

அவர் மாடிக்கு வழி காட்டினார். துணி உருண்டைகள் சுவரோடு சாய்ந்து நின்ற அறை. நடுவில் ஒரு மேசை, அதன்மேல் லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர். பக்கத்துக் கடையிலிருந்து கோப்பைகளில் சூடான தே வந்தது.

"ஸ்டூடியோவ மூடினப்போ எல்லா ரீலையும் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். போன மாசம்தான் மருமவன் எங்கேயோ மெஷினத் தேடிப் புடிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தான். கேளுங்க."

முதலில் வெறும் இரைச்சல். பிறகு இளவயது ஹாசிம் பாயின் குரல்: ஓடுது, பாடலாம். உடனே ஒரு ரயில் ஹாரன். பத்துப் பேர் சிரிக்கும் சத்தம். யாரோ, ரயில் போகட்டும்பா, அதுக்கும் சேர்த்தா மெட்டுப் போட்டிருக்கோம் என்றார்கள்.

சந்திரகலாவும் சிரித்துவிட்டாள். அது பக்கிரிசாமியின் குரல்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது அந்த ஸ்டூடியோ. மில் ஓடினால் தரை அதிரும் என்பதால் மில் மூடிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஒலிப்பதிவு. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். ஏர்கோன் சத்தம் மைக்கில் விழும் என்று பாடும்போதெல்லாம் அதை நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கொரு துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசிப்பார்கள். மில்லின் மாவு வாசமும் வியர்வையும் கலந்து அந்த அறைக்கே ஒரு மணம் இருந்தது.

பக்கிரிசாமிதான் பாட்டெல்லாம் எழுதியவர். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் தாளம் போட்டே வரிகளைக் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் முதலில் சந்திரகலாவிடம்தான் பாடிக் காட்டுவார். "தங்கச்சி, இது ஒன் வாய்க்குன்னே எழுதினது. வேற யாரு பாடினாலும் ஒட்டாது" என்பார்.

ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது.

*ஆற்றங்கரை விளக்கெல்லாம் ஆடி ஆடி நடக்குதே*
*அக்கரைக்குப் போன தோணி ஆளில்லாமல் திரும்புதே*

யாரோ ஒரு பெண் பாடுகிறாள் என்றுதான் சந்திரகலாவுக்கு முதலில் தோன்றியது. கூச்சமில்லாத, நிறைந்த குரல். 'தோணி' என்ற இடத்தில் கொஞ்சம் இறங்கி, 'திரும்புதே' என்ற இடத்தில் அழாமல் நின்ற குரல். நல்லா பாடுறாளே என்று நினைத்தாள்.

சரணத்தின் நடுவில் அந்தப் பெண் சட்டென்று ஒரு மூச்சு வாங்கினாள்.

சந்திரகலாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. அந்த இடத்தில்தான் உள்ளே பிள்ளை உதைத்தது. ஏழு மாத வயிற்றோடு நிற்க முடியாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முக்காலி கிரீச்சிடுகிறதென்று பாய் ஒரு சாரோங் கைலியை மடித்துப் போட்டிருந்தார். மூச்சு தப்பிவிட்டது, திரும்பப் பாடுகிறேன் என்று அவள் சொன்னபோது, அது இருக்கட்டும், அதுதான் அழகு என்றவரும் அவர்தான்.

"மா" என்றாள் மாதவி. "இது நீங்களா?"

சந்திரகலா தலையை மட்டும் அசைத்தாள்.

மாதவிக்குப் பிறந்ததிலிருந்து இந்தப் பாட்டு தெரியும். அவளுக்கு இது மலர் அத்தையின் பாட்டு. அத்தை பாடியதைக் கேட்டு எத்தனையோ தடவை கைதட்டியிருக்கிறாள். இப்போது அவள் அம்மாவின் தோள்மேல் கை வைத்தாள்.

பாட்டு முடிந்ததும் ஹாசிம் பாய் லேப்டாப்பை மூடினார்.

"இன்னும் எனக்கு மனசு ஆறலம்மா. இப்படி வந்த பாட்ட வேணாம்னு சொல்ல ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"யாரு வேணாம்னா?"

"நீதான்."

"பாய், டேப்பு கெட்டுப்போச்சுன்னு..."

"என் ஸ்டூடியோவுல டேப்பு கெட்டதே கெடையாது" என்றார் அவர். சொன்ன பிறகுதான் அவளுடைய முகத்தைச் சரியாகப் பார்த்தார். தே கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார். "தங்கச்சி, டேப்பு கெட்டுப்போச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அவள் பெயரைச் சொல்லத் தேவைப்படவில்லை.

"புள்ள பொறந்த மூணாம் நாளோ நாலாம் நாளோ ராதா வந்தாரு" என்று பாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கலா ஒரு முடிவு பண்ணிட்டா, இனிமே பாட மாட்டா, கேசட்லயும் தன் கொரலு வரக்கூடாதுங்குறான்னாரு. புள்ளகுட்டின்னு ஆயிடுச்சு, ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கன்னு நீ அழுததாச் சொன்னாரு. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒன்ன ஒரு வார்த்த கேக்குறேன்னேன். பச்ச ஒடம்பு பாய், மறுபடியும் அழுவான்னு தடுத்துட்டாரு."

"மத்தவங்க?"

"எல்லார்கிட்டயும் அதேதான். பக்கிரிக்குத்தான் ரொம்பக் கோவம். ஒன் வாய்க்குன்னே எழுதினவன்லா. கடைசி நேரத்துல கைய விட்டுட்டாளே பாய்னு என் ஸ்டூடியோ படியில ஒக்காந்து அழுதான்."

சந்திரகலாவுக்கு மேரு பாசாரின் மீன் கடை கண்ணில் வந்து நின்றது. கேசட் வந்து சில வாரம் இருக்கும். கைக்குழந்தையோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது எதிரே பக்கிரிசாமி வந்தார். அவள் "அண்ணே" என்றாள். அவர் கேட்காததுபோலத் திரும்பிப் போய்விட்டார். தன்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுத்தான் போகிறார், குரல் சரியில்லை என்று நேரில் எப்படிச் சொல்வார் என்று அன்று அவளே அவருக்காகச் சமாதானம் தேடிக்கொண்டாள்.

பக்கிரிசாமி கொரோனா நடமாட்டத் தடை இருந்த காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கடைசியாக முகம் பார்க்கக்கூட யாரையும் விடவில்லை.

"அவருகிட்ட இனிமே நான் எங்க போய்ச் சொல்றது, பாய்" என்றாள் சந்திரகலா.

ஹாசிம் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் அன்னிக்கு வந்து கேட்டிருக்கணும். புருஷன் சொல்றாரு, பொய்யா சொல்வாருன்னு இருந்துட்டேன்."

மாதவி பாட்டைத் தன் ஃபோனில் ஏற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ராதாகிருஷ்ணன் முன்வாசலில் உட்கார்ந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒத்திகை. சந்திரகலா செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாதவி கேட்டுக்குள் வராமல் கார் பக்கத்திலேயே நின்றாள்.

"பாய் என் பாட்ட வச்சிருக்காருங்க" என்றாள் சந்திரகலா. "முழுசா இருக்கு. ஒரு எழுத்து கெடல."

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது. "வேற டேப்பா இருக்கும். நாம பாடிப் பார்த்தது."

"எனக்குத் தெரியாதா எதுன்னு? நீங்க அவருகிட்டச் சொன்னதையும் அவரு சொன்னாரு."

தெருவில் ரொட்டிக்காரனின் மோட்டார் போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அம்மாவுக்குப் புடிக்கல, கலா. வீட்டு மருமக கொரலு கேசட்ல வர்றது அந்தக் காலத்துல... அவங்க சொன்னத என்னால தட்ட முடியல. ஒன்கிட்ட சொன்னா அம்மா மேல ஒனக்கு வெறுப்பு வரும். அதான் மறைச்சேன்."

சந்திரகலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை செத்து இத்தன வருஷமாச்சு. பதில் சொல்ல வர மாட்டாங்கன்னு தைரியமா?"

"கலா..."

"கேசட் வந்ததும் அட்டையில என் பேர எங்கன்னு தேடினது அத்தைதான். கண்ணு தெரியலன்னு என்கிட்டயே கொடுத்து, ஒன் பேரப் படி, கேப்போம்னாங்க. இல்ல அத்தைன்னு சொன்னேன். அன்னிக்கு முழுக்க அவங்க உங்ககிட்டப் பேசல. ஏன்னு நான் அப்போ யோசிக்கல."

ராதாகிருஷ்ணன் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார். அவர் பேசத் தொடங்கியபோது குரல் வேறாக இருந்தது.

"அந்தப் பாட்ட முடிச்ச அன்னிக்கு எல்லாரும் ஒக்காந்து கேட்டோம். ஒனக்கு ஞாபகம் இருக்கா? ஒனக்கு முடியலன்னு நீ சீக்கிரம் கெளம்பிட்டே. பாய் நாலு தடவ போட்டாரு. நாலு தடவையும் எல்லாரும் ஒன்னப் பத்தியே பேசினாங்க. கலா கொரலு, கலா மூச்சு வாங்குற எடம். அந்த மெட்ட நான் எத்தன மாசம் ஒக்காந்து போட்டேன்? ஃபெக்டரியில மெஷின் முன்னாடி நிக்கும்போதெல்லாம் அதே நெனப்பு. ஒருத்தன் கூட மெட்டு நல்லாருக்குடா ராதான்னு சொல்லல. பக்கிரி சொன்னான், இனிமே இது கலா குழுதான்னு. வெளையாட்டாத்தான் சொன்னான்."

"அதுக்காகவா?"

"மலர் பாடினப்போ அது என் பாட்டா இருந்துச்சு" என்றார் அவர்.

அதைவிட உண்மையாக அவர் எதையும் சொல்லியிருக்க முடியாது. சந்திரகலாவுக்கு அது தெரிந்தது. அதனால்தான் அது அப்படி வலித்தது.

"நான் என்ன நெனச்சுக்கிட்டேன் தெரியுமா?" என்றாள். "டேப்பு கெடல, என் கொரலுதான் கெட்டதுன்னு நெனச்சேன். அத மூஞ்சிக்கு நேரா சொன்னா நான் ஒடைஞ்சு போவேன்னு நீங்க மறைக்கிறீங்க, எவ்வளவு நல்ல மனசுன்னு நெனச்சேன். கேக்குறவங்ககிட்டயெல்லாம் தொண்ட சரியில்லன்னேன். நீங்க பக்கத்துல நின்னு, ஆமா அவளுக்கு ஒத்துக்காதுன்னு சொன்னீங்க."

அவர் தலை குனிந்திருந்தது.

"மெட்டு நல்லாருக்குன்னு நான் சொன்னேங்க. மொத நாளே சொன்னேன். நான் சொன்னது உங்களுக்குக் காதுல விழல."

"தப்புதான் கலா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்க. எல்லாரையும் கூப்பிட்டாச்சு. மலர் பாடுறதா போஸ்டர்லாம் போட்டாச்சு. விழா முடியட்டும். அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்."

பொறுத்துக்க என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் ஒருவேளை உள்ளே போய் அழுதிருப்பாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டிருப்பாள். இப்போது எழுந்து, கழற்றிவிட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டி நடந்தாள்.

"எங்க போறே?" என்றார் அவர்.

அவள் கார் கதவைத் திறந்தாள்.

மாதவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கார் கதவைச் சாத்தியதும் வெடித்தாள். "நான் இப்பவே இந்தப் பாட்ட எல்லா குரூப்லயும் போடுறேன். நாளைக்கு மேடையிலயும் இதைத்தான் போடப் போறேன். அப்பா மூஞ்சிய எங்க வச்சுக்கிறாருன்னு பார்க்குறேன்."

"போடாதே."

"மா, இன்னுமா அவருக்காகப் பார்க்குறீங்க?"

"அவருக்காக இல்ல." சந்திரகலா சீட்பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "எனக்குப் பதிலா ஒருத்தரு முடிவு பண்ணது போதும் மாதவி. இது என் கொரலு. என்ன செய்யணும்னு நான் சொல்றேன். நான் சொல்றவரைக்கும் நீ ஒன்னும் செய்யாதே."

மாதவி கையிலிருந்த ஃபோனை டேஷ்போர்டில் வைத்தாள். பிறகு, "சாரி மா" என்றாள். "எங்க போகணும்?"

"சுங்கை பூலோவுக்கு."

"அத்தை வீட்டுக்கா? இப்பவா?"

"அவ ஒத்திகைக்குக் கெளம்புறதுக்குள்ள போகணும். மண்டபத்துல நாலு பேரு முன்னாடி அவளுக்குத் தெரிய வேணாம்."

வழியெல்லாம் சந்திரகலா மலரைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனாள். சந்திரகலா கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது மலருக்குப் பத்தொன்பது வயது. அண்ணி அண்ணி என்று பின்னாலேயே திரிவாள். இருவரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ராதாகிருஷ்ணன் வரும்வரை பாடிக்கொண்டிருப்பார்கள். சங்கதி எப்படிப் போட வேண்டும், எங்கே மூச்சைச் சேமிக்க வேண்டும் என்று மலருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். சந்திரகலாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது தன் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பதினைந்து நாள் கூடவே இருந்தவள் மலர். தலை வாரிவிட்டு, கஞ்சி ஊட்டி, குளிக்க வைத்தவள்.

"அவ தாங்க மாட்டா" என்றாள் சந்திரகலா.

"யாரு?"

"மலர். இது தன் பாட்டுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அண்ணன் அவளையும்தானே ஏமாத்தியிருக்காரு. டேப்பு கெட்டுப்போச்சு, அண்ணியால முடியல, நீ வந்து காப்பாத்துன்னு சொல்லியிருப்பாரு. அவளும் நம்பி வந்து பாடியிருப்பா. இப்போ போய், நீ பாடினது திருட்டுப் பாட்டுன்னு எப்படிச் சொல்றது?"

மாதவி கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். "இவ்வளவு நடந்திருக்கு. நீங்க அத்தையப் பத்திக் கவலப்படுறீங்க."

"எனக்குன்னு வேற யாரு இருக்கா, மாதவி? அழணும்னா நான் அவகிட்டத்தான் அழணும்."

சுங்கை பூலோ திருப்பத்தில் இன்னொரு ஜேம். லோரிகள் நகரவே இல்லை. அந்த நேரத்தில் அவள் மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கினாள். மலர், உன்மேல ஒரு தப்பும் இல்ல. நீ நல்லாத்தான் பாடியிருக்கே. நாளைக்கு நீ பாடு, நான் ஒன்னும் சொல்லல, ஆனா உண்மை உனக்குத் தெரிஞ்சிருக்கணும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து என்ன செய்யலாம்னு பார்ப்போம். அந்தக் கடைசி வரி அவளுக்குப் பிடித்திருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து. அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்குக் கொஞ்சம் மூச்சு சீரானது.

மலர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது உள்ளே பாட்டு கேட்டது. மெட்டு மட்டும் ஸ்பீக்கரில் ஓட, மலர் அதோடு பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். *அக்கரைக்குப் போன தோணி.* நல்ல குரல்தான். இத்தனை வயதிலும் பிசிறில்லை. சரணத்தின் நடுவில், இதற்குமுன் மலர் பாடும்போது சந்திரகலா கவனித்ததே இல்லாத ஓரிடத்தில், மலர் சட்டென்று ஒரு மூச்சு வாங்கினாள்.

சந்திரகலா கார் கதவைப் பிடித்தபடி நின்றாள். அதே இடம். அதே அளவு மூச்சு. வயிற்றில் பிள்ளை உதைக்காத ஒருத்திக்கு அங்கே மூச்சு வாங்க ஒரு காரணமும் இல்லை.

நினைப்பை உதறிக்கொண்டு மணியை அடித்தாள்.

மலர் பட்டுச்சேலையில், தலையில் பாதி பூ வைத்தபடி வெளியே வந்தாள். அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்ன அண்ணி, சொல்லாம கொள்ளாம? ஒத்திகைக்கு நீங்களும் வரீங்களா? உள்ள வாங்க, அஞ்சு நிமிஷத்துல கெளம்பிடுறேன்" என்றபடி கேட் பூட்டில் சாவியை நுழைத்தாள்.

"மலர், ஒன்னு சொல்லணும். பதறாதே." சந்திரகலா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு ஹாசிம் பாய் கடைக்குப் போயிருந்தோம். அந்தப் பாட்டு..."

அடுத்த வார்த்தையை அவள் தொடங்கவில்லை. சாவியைத் திருப்பிக்கொண்டிருந்த மலரின் கை அப்படியே நின்றுவிட்டது. முகத்திலிருந்த சிரிப்பு போகவில்லை, ஆனால் அது இப்போது வெறுமே அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை. என்ன ஆச்சு அண்ணி என்றும் கேட்கவில்லை.

"பாய் அந்த டேப்ப இன்னும் அழிக்கலையா?" என்றாள், மிகத் தணிந்த குரலில்.

உள்ளே மெட்டு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பாட ஆளில்லாமல் பல்லவிக்குத் திரும்பியது. காரிலிருந்து இறங்கி வந்த மாதவி பாதி வழியில் நின்றாள்.

சந்திரகலா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். வழி நெடுக யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இனி இவளுக்குத் தேவைப்படாது என்பது மட்டும் புரிந்தது.

"அழிக்கச் சொன்னது யாரு, மலர்?"

மலர் பூட்டிலிருந்து சாவியை உருவிக்கொண்டாள். கேட்டைத் திறக்கவில்லை.